மூன்றாம் கூடத்தின் காலைப் பதிவு

நீதிமன்றக் கட்டடத்தில் அவரை எல்லோரும் சர்வர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அவருடைய மாமியார் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை ஓட்டல்லயா வேலை பாக்கறாரு? கம்ப்யூட்டர்னு சொன்னாங்களே" என்று மகளைத் தனியே அழைத்து விசாரித்தார். பதினெட்டு வருஷமாகியும் அந்த வீட்டில் அந்த வேடிக்கைக்கு வயதாகவில்லை. அவர் ஒரு தட்டை எடுத்து வைத்தால் போதும், "இன்னிக்கு சர்வரே பரிமாறுறாரா" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார்.

மனிதர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைத் திட்டப்போகிறேன்.

அவருடைய அறை கட்டடத்தின் அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. இயந்திரங்களுக்காகக் குளிர்சாதனம் நிற்காமல் ஓடுவதால், நாற்காலி முதுகில் வருஷம் முழுக்க ஒரு பழுப்பு ஸ்வெட்டர் தொங்கும். சுவரோரம் இரும்பு அலமாரியில் ஐந்து இயந்திரங்கள். மாடியில் ஆறு விசாரணைக் கூடங்கள். கூடங்களில் பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகி, பதிவு சர்வர் என்ற ஒரு சின்ன இயந்திரத்துக்கு வந்து, அங்கிருந்து இந்த ஐந்திலும் பிரித்து வைக்கப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு இயந்திரங்களில். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றதில் இருக்கும். "என் கையில ஒரு இருமல் சத்தம்கூடத் தொலையாது" என்று கேன்டீனில் சொல்லிக்கொள்வார்.

பதிவு சர்வருக்கு இந்த ஐந்தும் தனித்தனியாகத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு ஃபோல்டர். ஐந்தையும் ஒரே கிடங்காகச் சேர்த்து அந்த ஃபோல்டரின் மேல் இணைத்துவிடுவார்கள். மவுண்ட் செய்வது என்று அதற்குப் பெயர். இணைத்தபின் ஃபோல்டரைத் திறந்தால் கிடங்கு முழுவதும் தெரியும். இணைப்பு இல்லையென்றால் அது சர்வரின் சொந்த வட்டில் கிடக்கும் ஒரு வெறும் ஃபோல்டர், அவ்வளவுதான். இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. எந்த வேலை செய்தாலும் தேதி, மணி, செய்தது, முடிவு என்று நாலு விஷயம் எழுதிவிடுவார். முடிவு என்ற இடத்தில் பெரும்பாலும் 'சரி' என்று இருக்கும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த நோட்டைக் காட்டித்தான் புதிதாக வரும் பதிவாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். இருநூற்று நாற்பத்து மூன்று நாளாகப் பதிவு சர்வர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியிருக்கிறது என்பது அவருடைய இப்போதைய பெருமை. போன வாரம் அதைச் சொல்லி ஒரு தட்டு பிஸ்கட்டைக்கூடத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடையின் முன்பக்கத்தில், தெருவைப் பார்த்த மாதிரி ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் மனுக்கள் டைப் அடித்துக் கொடுப்பார். ஐம்பது வயதுக்கு மேல். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுத் திரையைப் பார்ப்பார். நீதிமன்றத்தில் வேலை செய்கிறவர்கள் அவரைப் 'பச்சை விளக்கு' என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அவருக்கும் அது தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மூன்றாம் கூடத்தின் பதிவு எழுத்தர். கருவியின் பொத்தானை அழுத்துவது, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, கூடத்தின் பெயரையும் நேரத்தையும் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்கச் சொல்வது, இதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷம் இதைச் செய்தார். ஒரு நாள் காலை அந்தக் கூடத்தில் ஒரு குடோன் காவல்காரர் சாட்சி சொன்னார். குடோன் சுவர் இடிந்து விழுந்து இரண்டு பேர் செத்துப்போன வழக்கு. சுவரில் விரிசல் இருந்ததை உரிமையாளரிடம் முன்பே சொன்னேன் என்றார் காவல்காரர். இரண்டு மாதத்தில் அவரும் நோயில் போய்ச் சேர்ந்தார். செத்தவரை மறுபடி கூண்டில் ஏற்ற முடியாதே, பதிவைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பதிவைத் தேடினால், இல்லை. அன்று மதியப் பதிவு இருக்கிறது. முந்தின நாள் இருக்கிறது, மறுநாள் இருக்கிறது. அந்தக் காலை மட்டும் இல்லை.

"பச்சை விளக்கு எரிஞ்சுது சார். எரியாம நான் சாட்சியைப் பேசச் சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மாள். துறை விசாரணையில் எத்தனை விதமாகக் கேட்டாலும் இதையேதான் சொன்னார். பெயர் அப்படித்தான் வந்தது. குடோன் உரிமையாளரிடம் விலை போய்விட்டாள் என்று படிக்கட்டுகளில் ஒரு பேச்சு ஓடியது. அதைக் கிளப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பரப்பாதவர் யாரும் இல்லை.

நீதிமன்ற நிர்வாகத்தைப் பார்க்கும் பதிவாளர், சர்வர் சாரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டார். இவர் கிடங்கு முழுவதையும் மூன்று முறை சல்லடை போட்டுத் தேடினார். குறை சொல்ல முடியாது, தேடத்தான் செய்தார். பிறகு தன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியில் அந்த அம்மாளின் வேலை போய்விட்டது. இவருக்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளதைத்தானே எழுதினோம் என்று இருந்துவிட்டார். எதிர்க்கடையில் அவர் வந்து உட்கார்ந்த முதல் வாரம் ஒரு தடவை இவர் தலையை ஆட்டினார். அந்த அம்மாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இவரும் டீயைக் குடித்தோமா வந்தோமா என்று இருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் இப்படித்தான் போனது.

செவ்வாய்க்கு முந்தைய ஞாயிறும் திங்களும் விடுமுறை. மின்சார வயர் மாற்றும் வேலைக்காகக் கட்டடம் முழுவதையும் அணைத்திருந்தார்கள். இருநூற்று நாற்பத்து மூன்று நாள் பெருமை அதோடு முடிந்தது என்று கொஞ்சம் மனக்கசப்போடுதான் செவ்வாய் காலை எட்டரைக்கே வந்தார். இயந்திரங்கள் எல்லாம் எழுந்துவிட்டன. பதிவு சர்வரில் மட்டும் கிடங்கு இணையவில்லை. 'இணைப்பு நேரம் கடந்தது' என்று பிழைச் செய்தி. மறுபடி முயன்றார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மறுபடி அதே செய்தி.

ஒன்பதரைக்குக் கூடங்கள் திறக்கும். அதற்குள் முடிக்க வேண்டும். ஆனால் பதறுகிற ஆள் இல்லை அவர். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஐந்து இயந்திரங்களுக்கும் இங்கிருந்து குரல் எட்டுகிறதா? எட்டுகிறது. பெயரைச் சொன்னால் சரியான முகவரிக்குப் போகிறதா? போகிறது. நுழைவதற்கான சாவி ஃபைல் இடம் மாறியிருக்கிறதா? இல்லை. வழியில் ஏதாவது கதவு மூடியிருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் கிடங்குப் பக்கம்தான் கோளாறு. ஐந்தில் மூன்று இயந்திரங்களுக்குக் காவல் வேலையும் உண்டு. அவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப் பேசினால்தான் கிடங்கு யாரையும் உள்ளே விடும். இப்போது மூன்றும் மூன்று நேரம் காட்டின. ஒன்றுக்கு எட்டு நாற்பது, ஒன்றுக்கு எட்டு நாற்பத்தேழு, மூன்றாவது ஏதோ முந்தின வருஷத்தில் உட்கார்ந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் நேரம் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். மின்வேலை செய்தவர்கள் அதைத் திரும்பப் போடவில்லை. "பெரிய மலையைப் பெயர்த்த மாதிரி வயர் மாத்துனாங்க, ஒரு சுவிட்சைப் போட மாட்டாங்களா" என்று முனகிக்கொண்டே நாற்காலி மேல் ஏறிப் போட்டார். நேரங்கள் ஒன்றுகூட இன்னும் சில நிமிஷம் ஆகும். அந்த இடைவேளையில், சும்மா, கை பழக்கத்தில், இணைப்பு இல்லாத அந்த ஃபோல்டரைத் திறந்து பட்டியல் கேட்டார். ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும்.

மூன்று ஃபைல்கள் வந்தன.

ஒன்றாம் கூடம், மூன்றாம் கூடம், ஐந்தாம் கூடம். மூன்றுக்கும் ஒரே தேதி. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. மூன்றாம் கூடத்து ஃபைல் காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிந்திருந்தது.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பதுதான் கொடுமை. வேறு யாராவது என்றால் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள், இவருக்கு அந்த வசதிகூட இல்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். இருந்தது, தன் கையெழுத்திலேயே. 'காலை 9.00, பதிவு சர்வரில் மென்பொருள் புதுப்பித்து மறுபடி ஓடவிட்டேன். 11.05, மவுண்ட் விடுபட்டிருந்தது. இணைத்தேன். சரி.'

அன்று சர்வர் எழுந்த வேகத்துக்கு நெட்வொர்க் எழவில்லை. அதனால் கிடங்கு இணையவில்லை. அதைச் சர்வர் யாரிடமும் சொல்லவுமில்லை. அன்று காலை விசாரணை நடந்த மூன்று கூடங்களிலும் பொத்தானை அழுத்தினார்கள். ஃபோல்டர் இருக்கிறது, எழுத இடம் இருக்கிறது, கருவிக்கு வேறென்ன வேண்டும்? பச்சை விளக்கைப் போட்டுவிட்டு வெறும் ஃபோல்டரில் எழுதிக்கொண்டே போனது. பதினொன்று ஐந்துக்கு இவர் வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல், அதன் மேலேயே கிடங்கை இணைத்தார். தரையில் கிடக்கும் காகிதத்தின் மேல் பாயை விரித்தால் காகிதம் எங்கேயும் போய்விடாது, கண்ணுக்குத்தான் தெரியாது. எழுதிக்கொண்டிருந்த பதிவு பாயின் அடியிலேயே எழுதி முடிந்தது. அதற்கப்புறம் வந்த பதிவுகள் மேலே, கிடங்குக்குப் போயின. அதனால்தான் மதியம் இருந்தது, காலை இல்லை.

இதில் என்னால் பொறுக்க முடியாதது இரண்டு. இணைக்காதபோது அந்த ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். அப்படிச் செய்திருந்தால் பச்சை விளக்கே எரிந்திருக்காது, கூடம் கூச்சல் போட்டிருக்கும், ஐந்து நிமிஷத்தில் சரியாகியிருக்கும். இவர் சோதனை இயந்திரத்தில் அதைச் செய்திருந்தார். நிஜத்தில் 'அப்புறம் செய்யலாம்' என்று விட்டிருந்தார். இரண்டாவது, விசாரணையின்போது மூன்றாம் கூடத்தை மட்டும்தான் தேடினார். ஒன்றாம் கூடத்திலும் ஐந்தாம் கூடத்திலும் அதே காலை இல்லை என்று பார்த்திருந்தால், மூன்று எழுத்தர்கள் ஒரே நாளில் பொத்தானை மறப்பார்களா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். அந்த இரண்டு பதிவுகளையும் யாரும் தேடவில்லை, இவரும் தேடவில்லை. ஒருத்தி மேல் சந்தேகம் விழுந்தபின் எல்லோருக்கும் வேலை சுலபமாகிவிட்டது.

நேரம் ஒன்பது இருபது. காவல் இயந்திரங்கள் மூன்றும் ஒத்துப் பேசின. இப்போது மவுண்ட் செய்தால் இணையும். மூன்று ஃபைல்களையும் முதலில் வேறு இடத்துக்கு நகர்த்த பத்து விநாடி ஆகும். தொலைபேசி அடித்தது. மேலேயிருந்து பதிவாளர்.

"சர்வர் சார், ரெடியா? ஜட்ஜ் எல்லாம் வந்துட்டாங்க."

"இதோ சார். ரெண்டு நிமிஷம்."

"ஏதாவது பிரச்சனையா?"

அவர் திரையைப் பார்த்தார். மூன்று வரிகளும் அப்படியே இருந்தன.

"இல்ல சார். டைம் செட்டிங்தான்."

தொலைபேசியை வைத்தார். மவுண்ட் கட்டளையைத் தட்டினார். பட்டியல் கேட்டார். கிடங்கு முழுவதும் வந்தது, ஆயிரக்கணக்கான பதிவுகள், ஒழுங்காக வரிசை கட்டி. அந்த மூன்று மட்டும் இல்லை. நோட்டை எடுத்து, '9.22, நேரப் பெட்டி அணைந்திருந்தது. மவுண்ட் செய்தேன்' என்று எழுதினார். 'சரி' என்று எழுதப் போன பேனா நின்றுவிட்டது.

கூடங்கள் திறக்க வேண்டாமா, அதற்காகத்தான் செய்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொய். பத்து விநாடி என்பது அவருக்கே தெரியும்.

பத்து மணிக்கு வழக்கம்போல டீக்கடைக்குப் போனார். போகாமல் இருந்தால் யாராவது கவனிப்பார்களோ என்று தோன்றியது, இதுவரை அவரை யாரும் கவனித்ததே இல்லை என்றாலும். டம்ளரை வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்த மாதிரி நின்றார். ஜெராக்ஸ் கடையில் அந்த அம்மாள் யாரோ ஒருவருக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தார். "தகப்பனார் பேர் சொல்லுங்க. மெதுவா. ரெண்டு சுழி ன-வா, மூணு சுழியா?" என்று கேட்பது கேட்டது. கண்ணாடிச் சட்டத்தின் ஒரு கால் உடைந்து, அதில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. ஐந்து மாதமாகத் தினமும் பார்க்கிற ஆள். டேப்பை இவர் இன்றைக்குத்தான் பார்த்தார். டீ ஆறிப்போகும் வரை நின்றுவிட்டு, பாதியை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு வாய் இறங்கவில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகல் முழுக்க நின்றதில் கால் வீங்கியிருந்ததால், கட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு மடித்தார். சர்வர் சார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பாயையும் காகிதத்தையும் சொல்லித்தான் விளக்க வேண்டியிருந்தது.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றார் மனைவி.

"எனக்கு மட்டும்தான்."

"அப்ப ஏங்க இப்ப போய்க் கிளறணும்? நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? தெரியாம நடந்தது. இப்ப போய்ச் சொன்னா உங்க வேலைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"மொதத் தடவை தெரியாமத்தான். இன்னிக்கு தெரிஞ்சே மூடிட்டேன்."

மனைவி மடித்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"எதிர்லதான். ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கறாங்க."

"தினமும் பாக்கறீங்களா?"

"டீ குடிக்கறப்போ."

மனைவி மடிப்பதை நிறுத்தினார். பிறகு சட்டையைக் கீழே வைத்துவிட்டு, கோபமாகவும் இல்லாமல் அன்பாகவும் இல்லாமல், "நாளைக்கு டீயை எங்க போய்க் குடிப்பீங்க?" என்று கேட்டார்.

உள் அறையிலிருந்து மாமியார், "சர்வர் இன்னும் சாப்பிட வரலையா?" என்று குரல் கொடுத்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் அடித்தளத்தில் இருந்தார். இணைப்பை அவிழ்க்காமலே அடியில் கிடப்பதை வேறொரு வழியாகப் பார்க்க முடியும். சர்வரின் சொந்த வட்டை இன்னொரு இடத்தில் தனியாகத் திறந்து வைத்தால் போதும். அதாவது நேற்றே, விசாரணை நடந்தபோதே, எந்த நாளிலும் செய்திருக்கலாம். செய்தார். மூன்று ஃபைல்களையும் கிடங்குக்குள் நகலெடுத்தார், ஒரு பென்டிரைவிலும் எடுத்தார், நகல் சரியா என்று ஒப்பிட்டார். அடுத்து, அந்த வெறும் ஃபோல்டரைப் பூட்டும் கட்டளையை அடித்தார். எட்டு மாதத் தாமதம், ஒரு வரி. பிறகு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மூன்றாம் கூடத்துப் பதிவை ஓடவிட்டார்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் அந்த அம்மாளின் குரல், இப்போது இருப்பதைவிடத் தெம்பாக. "மூணாம் கூடம். நேரம் காலை ஒன்பது நாப்பத்திரெண்டு. பதிவு விளக்கு பச்சை. சாட்சி, இப்ப நீங்க பேசலாம்."

அவர் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினார். விளக்கின் நிறத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. மற்ற எழுத்தர்கள் கூடத்தையும் நேரத்தையும் மட்டும்தான் சொல்வார்கள். இந்த அம்மாள் தானாகச் சேர்த்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷப் பதிவுகள் அத்தனையிலும் இருந்திருக்கும், விசாரணையின்போது எதையாவது ஒன்றைப் போட்டுக் கேட்டிருந்தால் இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

பிறகு காவல்காரர் பேசினார். செத்துப்போன மனிதர் இருமிக்கொண்டே, "விரிசல் இருந்துச்சுங்க. கையே உள்ள போகும். மூணு தடவை சொன்னேன்" என்றார். சர்வர் சார் பதிவை ஒரு மணி இருபத்து மூன்று நிமிஷத்துக்குத் தள்ளினார். பதினொன்று ஐந்து. தான் மவுண்ட் கட்டளை அடித்த நிமிஷம் எப்படி இருந்தது என்று கேட்க விரும்பினார். ஒரு சத்தமும் இல்லை, தடங்கலும் இல்லை. காவல்காரர் குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள், "இந்தாங்க, பாத்து" என்றார்.

சர்வர் சார் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்வெட்டரை மறந்து அப்படியே போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேலே பதிவாளர் அறைக்குப் போகத்தான் நினைத்தார். கால் தெருவைத் தாண்டிவிட்டது.

ஜெராக்ஸ் கடை அப்போதுதான் திறந்திருந்தது. வேறு யாரும் இல்லை. அந்த அம்மாள் விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் எதிரிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன டைப் பண்ணணும்?" நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பதிவாளருக்கு ஒரு கடிதம்."

பெறுநர், அனுப்புநர் எல்லாவற்றையும் அந்த அம்மாளே அடித்தார். "விஷயம்?"

"அஞ்சு மாசத்துக்கு முன்னால நான் கொடுத்த அறிக்கை தப்பு. அதைத் திருத்தணும்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்துகொண்டே கூவிக்கொண்டிருந்தது.

"அந்த வரி என்னன்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

இவருக்குச் சட்டென்று வரவில்லை. "மூணாம் கூடத்துப் பதிவு வந்து..." என்று தடுமாறினார். அந்த அம்மாள் காத்திருக்கவில்லை. பார்க்காமல், ஒரு எழுத்து தப்பாமல் அடித்தார்: 'மேற்படி தேதியில் மூன்றாம் கூடத்தின் காலைப் பதிவு கணினியில் உருவாகவே இல்லை.'

"இதானே?"

"இதுதான்."

"சரி. சொல்லுங்க."

அவர் சொன்னார். மவுண்ட் விடுபட்டதையும், பதிவு வெறும் ஃபோல்டரில் போய் விழுந்ததையும், அதன் மேல் தான் கிடங்கை இணைத்ததையும். அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்த அந்த அம்மாள் ஒரு இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அதைப் போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"விளக்கு பச்சைன்னு சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருக்கீங்க. ஆரம்பத்துலயே."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். டேப் சுற்றிய காலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினாரு சார். 'தப்பை ஒத்துக்கிட்டு ஒரு மன்னிப்பு எழுதிக் குடுங்கம்மா, ஏதாவது சின்ன வேலையாப் போட்டுத் தரப் பாக்கறேன்'னாரு. எழுதிக் குடுத்துட்டேன். பொத்தானை அழுத்த மறந்துட்டேன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "வேலைக்காகப் பொய் எழுதினேன்னு நினைக்காதீங்க. எழுதறப்போ அது பொய்யின்னே எனக்குத் தோணல. இத்தனை பேர் இல்லேங்கறாங்களே, மறந்துதான் இருப்போம்னு நானே நம்பிட்டேன். கண்ணை மூடினா விளக்கு எரிஞ்சதே நினைவுக்கு வரல."

சர்வர் சார் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். அந்த வார்த்தையை இப்போது அந்த அம்மாள் முன்னால் எடுக்கவே கூசியது.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் விசைப்பலகையில் கையை வைத்தார். "கண்டுபிடிச்ச தேதி போடணும். இன்னிக்குத்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நேத்து" என்றார். "காலைல எட்டே முக்காலுக்கு மேல."

அந்த அம்மாள் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நேத்து பத்து மணிக்கு இங்க நின்னு டீ குடிச்சீங்க."

"ஆமா."

"அப்பவே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சுதான் மறுபடி மூடினேன்."

கடைக்காரர் உள்ளிருந்து வந்து ஜெராக்ஸ் இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் போனார். அது சூடேறும் சத்தம் கேட்டது.

"அதையும் போடணும்" என்றார் அந்த அம்மாள்.

"போடுங்க."

போட்டார். தேதி, மணி, செய்தது, எல்லாவற்றையும் அவருடைய நோட்டைவிட ஒழுங்காகப் போட்டார். இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தார். சர்வர் சார் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தாக வரவில்லை.

மற்றதிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்த அம்மாள் அதை எடுத்து, யாரோ கொண்டுவந்த மனுவைச் சரிபார்ப்பதுபோல் முதல் வரியிலிருந்து உதடு அசைய வாசித்தார். பாதியில் ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சர்வர் சார் எழுந்து, தன் கடிதத்தை மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கிவிட்டார். அந்த அம்மாளின் விரல் இன்னும் அதே வரியில்தான் இருந்தது.

"பொத்தானை அழுத்தியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டார், சர்வர் சாரிடம் இல்லை.